ஸ்பேனர் யார் கையில்?

ஜனவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவின் ‘ஃபர்ஸ்ட்’ ரோபாட்டிக்ஸ் போட்டிக்கான அந்த ஆண்டின் ஆட்டம் அறிவிக்கப்படும். பிப்ரவரி முடிவதற்குள், அல்லது மார்ச் தொடங்கியதும், முதல் போட்டிகள் வந்துவிடும். இடைப்பட்ட சில வாரங்களில் ஐம்பது கிலோவைத் தாண்டக்கூடிய ஒரு ரோபோவை வரைந்து, வெட்டி, ஒயர் இழுத்து, நிரல் எழுதி, ஓட்டியும் பழக வேண்டும். மாணவிகள் அணிகளின் வழிகாட்டிகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். ‘நேரமில்லை, கொடும்மா’ என்று பொறியாளர் அப்பா ஒருவர் கியர்பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நான்கு மாணவிகள் சுற்றி நின்று டார்ச் பிடிப்பார்கள்.

2019 வரை இதற்கு ஒரு சாக்கு இருந்தது. ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவைப் பையில் போட்டு முத்திரை வைத்துவிட வேண்டும் என்பது விதி. 2020இல் அந்த விதி போயிற்று. டார்ச் பிடிப்பது மட்டும் போகவில்லை.

கலப்பு அணிகளில் ஸ்பேனர் பையன்களுக்கு, குறிப்பேடும் சுவரொட்டியும் பெண்களுக்கு என்று யாரும் சொல்லாமலே வேலை பிரிந்துவிடுவது உண்டு. நியூயார்க்கில் பிராங்க்ஸ் அறிவியல் பள்ளியின் ‘அயர்ன் மெய்டன்ஸ்’, பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு 2010இல் தொடங்கிய ‘கேர்ள்ஸ் ஆஃப் ஸ்டீல்’ போன்ற அணிகளுக்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது. துளையிடுவதிலிருந்து கோடிங் வரை மாணவிகளே செய்தாக வேண்டும். வேறு ஆள் இல்லை. ஆனால் ஒரு வேறு ஆள் எப்போதும் இருக்கிறார். அவர்தான் வழிகாட்டி.

ஆட்டத்தின் நடுவே ரோபோ திடீரென்று நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள வழிகாட்டிக்குப் பார்த்ததுமே சந்தேகம் தட்டும்: பேட்டரி முனையில் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது பழைய பேட்டரி. 12 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் 7 வோல்ட்டுக்கும் கீழே ஓர் எல்லையைத் தாண்டிச் சரிந்தால், கட்டுப்பாட்டுக் கணினி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடும். அவர் குனிந்து போல்ட்டை இறுக்கினால் அடுத்த ஆட்டத்துக்கு ரோபோ ஓடும். மாணவிகளுக்குக் கிடைப்பது ‘சார் சரிபண்ணிட்டார்’ என்ற தகவல் மட்டும். மாறாக, ‘லாக் பார்த்தீங்களா? நின்ன நொடியில் வோல்டேஜ் எவ்வளவு?’ என்று கேட்டால் ஐந்து நிமிடம் கூடுதலாகப் போகும். ஓட்டுநர் மடிக்கணினியிலேயே அந்தப் பதிவு இருக்கிறது. வோல்டேஜ் கோடு எங்கே விழுந்தது என்பதை ஒருமுறை தானே கண்டுபிடித்த மாணவி, அடுத்த முறை ரோபோ களத்துக்குப் போகுமுன்பே பேட்டரி முனையை ஆட்டிப் பார்ப்பாள். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஓர் ஆட்டம் போனாலும் போகட்டும். விரல் நசுங்கும், அமிலம் கசியும் என்றால் கதை வேறு. அங்கே பெரியவர் உடனே தலையிட வேண்டும்.

களத்தோரம் நிற்கும் பயிற்சியாளர் இடம் இன்னொரு சோதனை. ‘டிரைவ் கோச்’ பெரியவராகவும் இருக்கலாம், மாணவியாகவும் இருக்கலாம். விதி இரண்டையும் அனுமதிக்கிறது. ஒரே பக்கம் ஆடும் கூட்டணி அணிகளோடு உத்தி பேசி, ஆட்டம் முழுக்கக் கத்தி வழிநடத்துகிற வேலை அது. முதல் போட்டிக்கு வழிகாட்டி நின்றாலும், இரண்டாவதற்குள் அந்த இடத்தை ஒரு மாணவிக்குக் கொடுத்துவிடலாம். கொடுக்க மனம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் மாணவியின் திறமைக் குறைவு அல்ல, இந்த ஆட்டத்தின் ருசி.

இந்தப் போட்டியின் ‘இம்பாக்ட்’ விருதுக்கான நேர்காணலில் வழிகாட்டி பேசவே கூடாது; மாணவிகள்தான் நடுவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த விருது சமூகத் தாக்கத்துக்கானது. அதற்கான உரையை மெருகேற்றுவதிலேயே மாணவிகள் அணியின் பருவம் கரைந்துபோகவும் வாய்ப்புண்டு.

எந்திரத்தைக் கதை முந்திவிடுவது செய்திகளிலும் நடக்கும். 2017இல் வாஷிங்டன் டி.சி.யில் நடந்த ‘ஃபர்ஸ்ட் குளோபல்’ சர்வதேசப் போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத்திலிருந்து ஆறு மாணவிகள் வந்தார்கள். இரண்டு முறை விசா மறுக்கப்பட்டு, கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்தது. ‘துணிச்சலான சாதனை’க்காக வெள்ளிப் பதக்கமும் பெற்றார்கள். அன்றைய செய்திகளில் விசா விவரம் பத்தி பத்தியாக இருக்கிறது. தூய நீரைக் கருவாகக் கொண்ட அந்த ஆட்டத்தில் நீல, ஆரஞ்சுப் பந்துகளை அவர்களுடைய ரோபோ எப்படிப் பிரித்தது என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிருபர் வரும்போது பேச்சை எந்திரத்தின் பக்கம் திருப்ப மாணவிகளைப் பழக்குவதும் வழிகாட்டியின் வேலைதான்.

பருவம் முடிந்த பிறகு மிச்சிகனில் புளூம்ஃபீல்ட் ஹில்ஸிலும், வாஷிங்டன் மாநிலத்திலும் பெண்களுக்கென்றே தனிப் போட்டிகள் நடக்கின்றன. கலப்பு அணிகளும் வரும். ரோபோவை ஓட்டுவது பெண்கள் மட்டும். பருவம் முழுக்க எதிரணிகளின் புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருந்த மாணவி அங்கே ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கலாம். மாணவிகள் மட்டுமே உள்ள அணிகளும் இந்த வாய்ப்பை மூத்த ஓட்டுநர்களுக்கே மறுபடி கொடுத்துவிடாமல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளை அனுப்பலாம், டிரைவ் கோச் இடம் உட்பட.