பழைய காருக்குப் புதிய பெட்ரோல்: லாபம் யாருக்கு?

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் சில பழைய வீடுகளின் போர்ட்டிகோவில் அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ துணி போர்த்தி நிற்பதை இன்றும் பார்க்கலாம். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் போற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. ஞாயிறு காலையில் கடற்கரை வரை ஒரு சுற்று, அத்தோடு சரி. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றி இந்த வண்டிகளை ஓட்டலாமா என்பதுதான் இவர்களுடைய இன்றைய கவலை.

விவசாயப் பக்கத்தில் காருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 40 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் அதில் 8 லிட்டர் எத்தனால். அதை மக்காச்சோளத்திலிருந்து எடுக்கச் சுமார் 21 கிலோ வேண்டும். அரிசி என்றால் 18 கிலோ. நேரடியாகச் சாறு பிழிந்து எடுத்தால் 114 கிலோ கரும்பு. ஆகவே இது நம் வயல் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

முதலில் வண்டியின் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலப்பே இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. எத்தனாலின் ஆக்டேன் அதிகம் என்பது உண்மை. ஆனால், அழுத்த விகிதம் குறைவான பழைய இன்ஜின் அதனால் பெரிய பயன் எதையும் பெறாது.

மைலேஜைவிடப் பெரிய கவலை தேய்மானம். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோர நகரத்தில் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இதுவே வினை. நீர் அதிகமானால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், அங்கே துருப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாய்கள் ஊறி வெடிக்கும், கார்க் கேஸ்கட் கெடும், கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை அரிக்கும்.

தவிர்க்க முடியாதவர்களுக்குச் சில வழிகள் உண்டு. எத்தனாலைத் தாங்கும் எரிபொருள் குழாய்களையும் கேஸ்கட்டையும் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டர் ஜெட்டை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிபாருங்கள். டேங்க்கின் பழைய அழுக்கை எத்தனால் கரைத்துவிடும் என்பதால் தொடக்கத்தில் ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இவ்வளவும் செய்தால் வண்டி ஓடும். ஆனால் செலவு உரிமையாளருக்கு, மைலேஜும் குறைவு. பழைய காருக்கு எத்தனால் லாபமா என்றால், இல்லை என்பதே நேர்மையான பதில்.

‘போகட்டும், விவசாயிக்காகத்தானே’ என்று அந்த உரிமையாளர் தேற்றிக்கொள்ளலாம். அந்தப் பலன் விவசாயிக்கு முழுதாக வந்து சேர்கிறதா என்பதே நமது கேள்வி.

மக்காச்சோளத்துக்கு எத்தனால் ஆலைகள் புதிய சந்தையைத் திறந்திருப்பதை மறுக்க முடியாது. பெரம்பலூர், அரியலூர் மானாவாரி விவசாயிக்கு அது நல்ல செய்தி. அதே விலையேற்றம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனச் சுமை. கரும்பில் நிலைமை வேறு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை டன்னுக்கு ரூ.3,550, அதுவும் 10.25 சதவீதம் சர்க்கரைக் கட்டுமானம் இருந்தால்தான். 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் ரூ.3,290.50 மட்டுமே. வெட்டிய கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. எத்தனால் விற்ற பணம் ஆலைக்கு வந்த பிறகும் விவசாயி நிலுவைக்காகக் காத்திருந்தால், யாருடைய பெயரைச் சொல்லி இந்தத் திட்டம் நடக்கிறது?

தண்ணீரையும் மறக்கக்கூடாது. சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெறச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதே நிதி ஆயோக் அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. மேட்டூர் திறப்புக்குக் காத்திருக்கும் மாநிலத்துக்கு இது சிறிய கணக்கல்ல.

பழைய வாகனங்களுக்காக 10 சதவீதக் கலப்பு பெட்ரோல் தொடர்ந்து கிடைக்க வேண்டும், மைலேஜ் இழப்பை ஈடுகட்ட விலை குறைய வேண்டும் என்றும் அந்த அறிக்கை பரிந்துரைத்தது. 20 சதவீதத்தை மட்டும் குறித்த காலத்துக்குள் எட்டிவிட்டோம். மற்ற இரண்டும் ஏட்டிலேயே நிற்கின்றன.

நகருக்குச் சில பங்குகளிலாவது 10 சதவீதக் கலப்பு பெட்ரோல் விற்க எண்ணெய் நிறுவனங்கள் முன்வர வேண்டும். எத்தனால் தேவைக்குக் கழிவுப்பாகு, சேதமான தானியம், வைக்கோல் ஆகியவற்றை முதலில் நாட வேண்டும். உண்ணத்தக்க அரிசி கடைசியாகத்தான் வர வேண்டும். சர்க்கரை, துணைப்பொருள் வருவாயில் 70 சதவீதம் விவசாயிக்கு என்று ரங்கராஜன் குழு 2012இல் சொன்ன கணக்கில், எத்தனால் வருவாயையும் சேர்க்க வேண்டும். காரின் உரிமையாளரும் கரும்பு விவசாயியும் இந்தத் திட்டத்துக்குத் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டார்கள். இனி அரசும் ஆலைகளும் தங்கள் பங்கைச் செலுத்தட்டும்.