கப்பலேறிய ஜாதி

நமது பிள்ளைகள் படிப்புக்காக அயல்நாடு சென்றால், போய்ச் சேர்ந்த வாரத்தில் வீட்டுக்குத் தெரிவிக்கும் சங்கதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவைதாம். குளிர் தாங்கவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, தெருவில் குப்பை இல்லை, பேசுவது புரியவில்லை என்பார்கள். பெற்றோரும் அதைக் கேட்டுப் பாதி கவலையும் பாதி பெருமையும் அடைவார்கள். இவை எல்லாம் பழக்கமில்லாததால் வரும் தொல்லைகளே ஒழிய வேறல்ல. 1914-ல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் போன கணித மேதை ராமாநுஜன், கட்டிலில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், மேலங்கியைப் போட்டுக்கொண்டு கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்கினாராம். அக்காலத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் இதைச் சொல்லியிருக்கிறார். ஒரு நிமிஷம் காட்டிக்கொடுத்தால் தீர்ந்துபோகிற காரியம் அது.

ஆனால், ஒரு நிமிஷத்தில் அல்ல, ஒரு ஆயுளிலும் தீராத மூட்டை ஒன்றையும் நம்மவர்கள் சுமந்துகொண்டே கப்பலேறுகிறார்கள். 1888-ல் காந்தியார் தமது 18-வது வயதில் லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டபோது, அவருடைய ஜாதித் தலைவர்கள் கூடி, கடல் தாண்டுவது மதத்துக்கு விரோதம் என்று அவரை ஜாதியை விட்டு விலக்கினார்கள். வழியனுப்பத் துறைமுகம் போகிறவனுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் போட்டார்கள். 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பியவரை அவருடைய அண்ணனார் நாசிக்குக்கு அழைத்துப்போய் ஆற்றில் முழுக வைத்து, ராஜ்கோட்டில் ஜாதி விருந்தும் போட்டார். மூன்று வருஷத்துப் படிப்பையும் ஒரு முழுக்கில் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், அப்படிப்பட்ட படிப்புக்கு அனுப்புவானேன்?

இது மேல் ஜாதிக்காரருக்கு நேர்ந்தது. அவர் முழுகி எழுந்தால் ஒரு பகுதியினராவது சேர்த்துக்கொண்டார்கள். முழுகினாலும் சேர்த்துக்கொள்ளப்படாதவர் ஒருவர் படிக்கப் போன கதையைக் கேளுங்கள்.

டாக்டர் அம்பேத்கர் 1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வயது 22. பரோடா மகாராஜா மாதம் 11½ பவுன் வீதம் மூன்று வருஷத்துக்குக் கொடுத்த உதவியைக் கொண்டு கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். இங்கே பள்ளிக்கூடத்தில் அவர் உட்காருவதற்குச் சாக்குத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். தாகமெடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தண்ணீரும் இல்லை. அப்படிப்பட்டவர் அங்கே போய், எல்லாரும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லாரும் எடுக்கும் புத்தகத்தை எடுத்தார். எல்லாரும் குடிக்கும் தண்ணீரைக் குடித்தார். நவல் பதேனா என்கிற பார்சி மாணவர் அவருக்கு உற்ற சிநேகிதரானார். மற்ற மாணாக்கருக்கு அந்நாட்டில் புதிதாகத் தோன்றியவை மாடி வீடுகளும் மின்சார வண்டிகளும். இவருக்குப் புதிது, தன்னைப் பார்த்து யாரும் ஒதுங்காமல் இருந்தது! தான் தீண்டப்படாதவன் என்கிற நினைப்பே அந்த வருஷங்களில் மனத்தைவிட்டு அழிந்துபோயிற்று என்று அவரே பின்னாளில் எழுதினார். எந்தப் புண்ணிய தீர்த்தமும் எந்த மோட்சமும் எத்தனை யுகங்களில் இதைச் செய்திருக்கிறது என்று நாம் கேட்கிறோம்.

உடனே சிலர், “அமெரிக்கா என்ன சமத்துவ பூமியா?” என்பார்கள். அல்லவே அல்ல. அதே 1913-ல்தான் வில்சனின் ஆட்சி வாஷிங்டன் சர்க்கார் ஆபீசுகளில் கறுப்பு மக்களைத் தனியே பிரித்து வைக்க ஆரம்பித்தது. அவர்கள் நாட்டு அயோக்கியத்தனம் அவர்களுடையது. ஆனால், இவ்வளவு அயோக்கியத்தனம் உள்ள நாட்டிலேயே நம் நாட்டான் ஒருவனுக்கு முதன்முதலாக மனிதனாக உட்கார இடம் கிடைத்தது என்றால், அது யாருக்கு வெட்கம்?

திரும்பி வந்த கதை இதைவிடக் கொடியது. படிப்புக்குக் கைம்மாறாகப் பத்து வருஷம் ஊழியம் செய்வதாக ஒப்பந்தம். ஆகவே 1917-ல் பரோடா ஸ்டேஷனில் இறங்கினார். இறங்கியதும் எழுந்த கேள்வி, “எங்கே தங்குவது?” என்பதுதான். இந்து விடுதியில் இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் ஒரு டஜன் பார்சிகள் தடிகளோடு வந்து, மாலைக்குள் வெளியேறு என்றார்கள். நியூயார்க்கில் ஒரு பார்சி உயிர்ச் சிநேகிதர், பரோடாவில் பார்சிகள் கையில் தடி! மதம் வேறானாலும் இந்த மண்ணின் நோய் எல்லாரையும் தொற்றுகிறது. ஒரு இந்துச் சிநேகிதரையும் ஒரு கிறிஸ்தவச் சிநேகிதரையும் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. பொதுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் போய்ச் சேர்ந்தார். இரண்டு கண்டங்களில் படித்துவந்த தலைக்கு ஒரு கூரை இல்லை.

இப்போது விமானம் வந்துவிட்டது. கடல் தாண்டினால் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகளே முதலில் ஏறுகிறார்கள். ஆனால் மூட்டை மட்டும் அப்படியே போகிறது. இல்லாவிட்டால், கலிபோர்னியா ராஜ்ய சர்வகலாசாலை 2022-ல் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் ஜாதியைச் சேர்ப்பானேன்? சியாட்டில் நகரசபை 2023 பிப்ரவரியில் ஜாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடுப்பானேன்? அமெரிக்கக்காரன் தன் ஆயுளில் கேட்டிராத சொல்லை அவனுடைய சட்டப் புத்தகத்தில் ஏற்றியது யார்? அதே வருஷம் கலிபோர்னியா சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று கவர்னர் நிராகரித்துவிட்டார். இன்று அங்கே போய் இறங்கும் ஒரு தலித் மாணவன், வெள்ளைக்காரன் தன்னைப் பற்றி என்ன நினைப்பான் என்பதைவிட, கூடத் தங்கும் இந்தியன் “உன் முழுப் பெயர் என்ன?” என்று எப்போது கேட்பான் என்றே பயப்பட வேண்டியிருக்கிறது.

அங்கேயுள்ள சில இந்து ஸ்தாபனங்கள் இச்சட்டங்களை மும்முரமாக எதிர்த்தன. தங்களுக்குள் ஜாதிக் கொடுமையே இல்லை, வீண்பழி சுமத்துகிறார்கள் என்பது அவர்கள் வாதம். நல்லது, மெய்யாகவே இல்லாததைத் தடுக்கும் சட்டத்தால் இவர்களுக்கு ஒரு காசு நஷ்டம் உண்டா?