மூச்சு வாங்க விடாத ஆட்டமும் பொய்க்காயங்களும்

ஐக்கிய அமெரிக்காவில் உதைபந்தாட்டம் என்றால் அது பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டம் என்பதை வாசகர்கள் அறிவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் முன்னேற வேண்டும். ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குவதற்குத் தாக்கும் அணிக்கு 40 விநாடிகள் உண்டு. அந்த நேரம் முழுவதையும் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. கல்லூரி ஆட்டத்தில் கடந்த பல ஆண்டுகளாக நிகழும் சச்சரவுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

2009 முதல் 2012 வரை ஒறிகன் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்த சிப் கெல்லி இதனை ஓர் ஆயுதமாகவே மாற்றினார். ஒரு முயற்சி முடிந்து எதிரணியினர் எழுந்து நிற்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். தாக்கும் அணி ஆள் மாற்றினால் மட்டுமே தற்காப்பு அணிக்கும் ஆள் மாற்ற நடுவர் அவகாசம் தருவார். அது மாற்றாவிட்டால் அவகாசம் இல்லை. ஆகவே, நூற்று முப்பது கிலோ எடையுள்ள முன்வரிசை வீரர் ஒருவர் களைத்துப்போனாலும் வெளியேற வழியின்றி அங்கேயே அகப்பட்டுக் கிடப்பார். ஓரத்தில் நிற்கும் பயிற்றுநரின் சைகையைப் பார்த்து, அதனை மற்றப் பத்துப் பேருக்கும் சொல்லி முடிப்பதற்குள் பந்து நகர்ந்துவிடும். உண்மையில் வீரர்களின் கால்களைவிட இந்தச் செய்திப் பரிமாற்றமே முதலில் உடைந்தது.

இதற்கு நேர்மையான மறுமொழிகள் இருந்தன. கட்டளைகளை ஒற்றைச் சொல்லாகச் சுருக்கினார்கள். ஓட்டத்தையும் வீச்சையும் ஒருசேர எதிர்கொள்ளக்கூடிய வீரர்களைத் தேடி, லைன்பாக்கர் ஒருவரைக் குறைத்துப் பின்வரிசையில் ஐந்து பேரை நிறுத்தினார்கள். அவ்வாறான பதினொருவரை ஆள் மாற்றாமலே நெடுநேரம் களத்தில் வைத்திருக்கலாம். அயோவா ஸ்டேட் அணியின் தற்காப்புப் பயிற்றுநர் ஜோன் ஹீகொக் 2017 முதல் மூன்று சேஃப்டி வீரர்களைப் பின்னால் நிறுத்திய அமைப்பைப் பின்னர் பலரும் பின்பற்றினர்.

ஆனால் நான் மிகவும் மதிப்பது ஸ்டான்ஃபோர்ட் அணி தந்த மறுமொழியை. 2012 நவம்பரில் அது ஒறிகனை அதன் சொந்த மைதானத்திலேயே, மேலதிக நேரத்தில், 17-14 என வென்றது. மறு ஆண்டு 26-20. அந்த இரண்டாவது ஆட்டத்தின் 60 நிமிடங்களில் 42 நிமிடங்களுக்கு மேல் பந்து ஸ்டான்ஃபோர்டிடமே இருந்தது. முரட்டுத்தனமாக, மெதுவாக, யார் யாராக நகர்ந்தார்கள். ஓரத்தில் அமர்ந்திருக்கும் தாக்குதல் அணியால் எவ்வளவு வேகமாக ஆடமுடியும்?

நேர்மையற்ற மறுமொழியும் இருந்தது. 2010 நவம்பரில் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி ஒறிகனுடன் மோதியபோது, ஆட்டத்தின் வேகத்தைத் தடுக்க ஒரு வீரர் காயம்பட்டதாக நடித்து விழுந்தார். அவ்வாறு செய்யச் சொன்னதற்காகப் பயிற்றுநர் தோஷ் லூபோய் ஓர் ஆட்டத்துக்கு இடைநிறுத்தப்பட்டார். (அதே லூபோய் 2022 இல் ஒறிகனின் தற்காப்புப் பயிற்றுநரானார் என்பது வேறு கதை.)

2014 இல் விதியின் மூலமே வேகத்தைக் கட்டுப்படுத்த முயன்றார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் தற்காப்பு அணிக்கு 10 விநாடி அவகாசம் என்பது முன்மொழிவு. அலபாமாவின் நிக் சேபனும் ஆர்கன்சாவின் பிரெட் பீலமாவும் விதிக்குழுவிடம் பேசினர். வீரர்களின் பாதுகாப்பே காரணம் எனக் கூறப்பட்டது. சான்று எங்கே என்று மறுதரப்புக் கேட்டது. மார்ச்சில் முன்மொழிவு கைவிடப்பட்டது. அதே ஆண்டில் சேபன் லேன் கிஃபினைத் தாக்குதல் பயிற்றுநராக அமர்த்தித் தம் அணியையும் விரைவுபடுத்தினார். பாதுகாப்புக் கவலை அவ்வளவில் அடங்கிவிட்டது போலும்.

பொய்க்காயம் மட்டும் அடங்கவில்லை. அதனால் 2025 இல் புதிய விதி வந்தது. அடுத்த முயற்சிக்காகப் பந்து வைக்கப்பட்ட பின்னர் ஒரு வீரர் விழுந்து மருத்துவரை உள்ளே வரவழைத்தால், அவரது அணி ஓர் இடைவேளை உரிமையை இழக்கும். அது மீதமில்லையெனில் ஐந்து யார் தண்டனை.

நோக்கம் சரியே, ஆனால் இவ்விதி நடிப்பவரையும் உண்மையில் தலை சுற்றி நிற்பவரையும் ஒரே தராசில் நிறுக்கிறது. இறுதி நிமிடங்களில், அணியிடம் ஓர் இடைவேளையே எஞ்சியிருக்கையில், மண்டையில் அடிபட்ட இருபது வயது இளைஞன் என்ன செய்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். அணிக்கு அபராதம் விதிப்பதைவிட, விழுந்தவர் தாக்கும் அணியின் அந்தச் சுற்று முடியும்வரை திரும்பி வரக்கூடாது என்று விதித்திருக்கலாம். உண்மையில் அடிபட்டவருக்கு அந்த ஓய்வு எப்படியும் தேவை. நடிப்பவருக்கோ, சிறந்த வீரராயின், அதுவே போதுமான தண்டனை.