யூனிட் 9 டாலர்

டெக்சாஸில் மின்இணைப்பு எடுப்பது ஏறக்குறைய சிம் கார்டு வாங்குவது மாதிரிதான். 2002 முதல் பெரும்பாலான வீடுகள் மின்சாரம் விற்கும் நிறுவனத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றன. ‘இரவில் இலவசம்’ என்றுகூட விளம்பரம் வரும். பகல் கட்டணத்தில் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

போட்டி வந்தால் விலை இறங்கும் என்றார்கள்.

2021 பிப்ரவரி பனிப்புயலில் எரிவாயுக் கிணறுகள் உறைந்தன, மின்நிலையங்கள் நின்றன. சாதாரண நாளில் சில சென்ட்டுக்குப் போகும் யூனிட், மொத்தச் சந்தையில் உச்சவரம்பான 9 டாலரைத் தொட்டு, ஏறத்தாழ நான்கு நாள் அங்கேயே நின்றது. ‘கிரிடி’ என்ற நிறுவனம் மாதம் 9.99 டாலர் மட்டும் எடுத்துக்கொண்டு, சந்தை விலையை அப்படியே வாடிக்கையாளர் தலையில் கட்டிவந்தது. டாலஸ் அருகே ஒருவருக்கு வந்த பில் 16,752 டாலர். அது விளக்கு எரிந்த வீட்டின் கதை. லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் நடுங்கிக்கொண்டிருந்தன. பில் ஏறாதது மட்டும் அவர்களுக்கு ஆறுதல்.

கிரிடி திவாலானது. வீடுகளுக்கு இப்படிச் சந்தை விலையில் விற்பதற்குச் சட்டம் தடை போட்டது; உச்சவரம்பு 5 டாலராக இறங்கியது. தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது உண்மைதான். கூடவே சந்தையின் அபாயமும் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்ததை யாரும் விளம்பரத்தில் சொல்லவில்லை. புயல் செலவை அடைக்க வாங்கிய கடனை, பல ஆண்டுத் தவணையில் கட்டிவருவதும் அதே வாடிக்கையாளர்கள்தான்.