பொம்மைக்கு எத்தனை மூட்டு?



மும்பை தாராவியில் வசிக்கும் ஒரு சகோதரி, சென்ற மாதம் ஆராதனை முடிந்தபின் கண் கலங்க வந்து நின்றார்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர்களுடைய மகன், விடுமுறை வேதாகமப் பள்ளிக்காகத் தாவீது, கோலியாத்து கதையைப் படக்கதையாகச் செய்ய விரும்பினான். மனிதரை வரைய அவனுக்கு வராது. ஆகையால் லெகோ பொம்மைகளைக் கணினித் திரையில் நிறுத்தி, கையைத் தூக்கி, தலையைத் திருப்பிப் படமாக்கலாம் என்று எண்ணினான். அருகிலுள்ள கடைக்காரர் ஒருவர், சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் மென்பொருள் என்று சொல்லி, திருட்டுப் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். இரண்டே நாளில் வைரஸ் புகுந்து, அக்காளின் கல்லூரிக் கோப்புகளும் சேர்ந்து அழிந்தன.

"வேறு எதை வாங்கலாம் ஐயா?" என்று கேட்டார்கள். எதையும் வாங்கவேண்டாம் அம்மா என்றேன்.

மென்பொருளின் பெயரைக் கேட்பதற்கு முன், பொம்மையின் மூட்டுகளை எண்ணிப் பாருங்கள். 1978-ல் லெகோ நிறுவனம் வெளியிட்ட சிற்றுருவத்தில் அசைவது ஏழே இடங்கள்: கழுத்து ஒன்று, தோள் இரண்டு, மணிக்கட்டு இரண்டு, இடுப்பில் கால்கள் இரண்டு. முழங்கையும் இல்லை, முழங்காலும் இல்லை. ஒவ்வொரு துண்டும் தன் அச்சில் சுழலுகிறதேயன்றி வளைவதில்லை. மனித உருவமோ அப்படியல்ல. முழங்கையை மடக்கினால் தோல் சுருங்கவேண்டும், சட்டை மடியவேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே தனி மென்பொருள்கள் உள்ளன. ஓவியர்கள் வைத்திருக்கும் மரப்பொம்மைக்குப் பதிலாக 1995-ல் வந்த 'போஸர்' அவ்வகையில் பழையது, அது விலைக்கு. 'டாஸ் ஸ்டுடியோ' இலவசம்தான், ஆனால் உருவங்களும் உடைகளும் அந்நிறுவனத்தின் கடையில் பணத்துக்கு விற்கப்படுகின்றன. அரைகுறை ஆடையணிந்த உருவங்களும் அந்தக் கடையில் உண்டு. பிள்ளையைத் தனியே அங்கே உலாவ விடாதீர்கள். ஏழு மூட்டுப் பொம்மைக்கு இவை இரண்டும் தேவையே இல்லை.

அந்தப் பையனுக்கு நான் சொன்னது 'பிரிக்லிங்க் ஸ்டுடியோ'. 2019-ல் பிரிக்லிங்க் தளத்தை லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்டது. மென்பொருள் இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் இயங்கும், கைபேசியில் இயங்காது. மூட்டைத் தொட்டு வேண்டிய கோணத்துக்குத் திருப்பலாம். நிழலும் வெளிச்சமும் சேர்த்து நிழற்படம் போலவே படம் எடுத்துக் கொடுக்கும். பழைய புத்தகங்களில் 'லெகோ டிஜிட்டல் டிசைனர்' என்ற பெயரைக் காண்பீர்கள். 2022-ல் அதை நிறுத்திவிட்டார்கள், அதைத் தேடி அலையவேண்டாம். அப்படி இதுவும் ஒரு நாள் நின்றுபோனால் உழைப்பு வீணாகுமே என்று அந்தத் தாயார் கேட்டது நியாயமான கேள்வி. செய்த வேலையை 'எல்ட்ரா' என்னும் பொதுக் கோப்பு முறையிலும் சேமித்து வைக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-ல் தொடங்கிய முறை அது. அவர் 1997-ல் இளவயதிலேயே காலமானார். ஆர்வலர்கள் இன்றுவரை அதைப் பேணி வருகிறார்கள்.

படம் அசையவேண்டும், பொம்மை நடக்கவேண்டும் என்று பிள்ளை கேட்கும் நாளில் 'பிளெண்டர்' பக்கம் போகலாம். அதுவும் இலவசம். 2002-ல் அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, பயனாளிகள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டுப் பொதுவாக்கினார்கள். 2025-ல் ஆஸ்கர் பெற்ற 'ஃப்ளோ' என்ற லாத்விய அசைவுப்படம் அதில்தான் செய்யப்பட்டது. அதில் ஒரு துண்டை இன்னொன்றுக்குப் 'பெற்றோர்' ஆக்குவார்கள்: தோள் திரும்பினால் கையும் கூடவே போகும், ஆனால் கை திரும்பினால் தோள் அசையாது. (வீட்டிலும் அப்படித்தானே என்று ஒரு தகப்பனார் சிரித்தார்.) முதல் நாள் திரையைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. புதிய பதிப்புக்குக் கணினியில் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும். இல்லையென்றால் புதுக் கணினிக்குத் தவணை கட்ட ஓடாதீர்கள். பழைய பதிப்புகளும் அவர்களுடைய தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

பையன் ஸ்டுடியோவில் தொடங்கிவிட்டான். முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல்: தாவீதும் கோலியாத்தும் ஒரே உயரமாக நின்றார்கள்! சிறுவர் உருவங்களுக்குரிய குட்டைக் காலைத் தாவீதுக்குப் பொருத்தினான். உயரம் சரியாயிற்று, ஆனால் அந்தக் கால் ஒரே துண்டு, அசையாது. தாவீதோ பெலிஸ்தனுக்கு எதிராக ஓடவேண்டும். நடுத்தர உயரத்தில், அசையும் கால் ஒன்று உண்டென்று சொல்லியிருக்கிறேன். இப்போது அதைத் தேடிக்கொண்டிருக்கிறான்.