பக்கத்தைப் பற்றியவர் யார்?

‘அனுபவமிக்க செய்நிரலாளன் கவனமாகவே எழுதுவான், அவனுக்கு மொழியின் காவல் எதற்கு?’ என்று வினவுவோர் இன்றும் உளர். சீ மொழியிற் கைதேர்ந்தோரே இவ்வாறு பெரிதும் பேசுவர். பணிசெயல் முறைமையின் உட்கருவாகிய கேர்ணலைப் பொறுத்தவரை இது வெறும் வீம்பு என்பதே எமது கருத்து.

சாதனச் செலுத்தி ஒன்றின் தொழிலை எண்ணிப் பார்ப்போம். பயனரின் செய்நிரல் தனது நினைவகத்தில் ஓரிடத்தைக் காட்டி, சாதனம் தரும் தரவை நேரே அங்கு இடுமாறு கேட்கிறது. பெரும்பாலும் 4096 பைற்றுகள் கொண்ட அப்பக்கத்தைச் செலுத்தி முதலிற் பற்றிக்கொள்ளல் வேண்டும். சாதனம் எழுதி முடித்த பின்னர், பக்கம் மாறியது எனக் குறித்து, அதன் பின்னரே விடுவித்தல் வேண்டும். குறிக்க மறந்தால், பக்கம் மாறவில்லையெனக் கொண்டு கேர்ணல் புதிய தரவைக் கைவிட்டுவிடலாம். விடுவிக்க மறந்தால் பக்கம் சிறைப்பட்டுக் கிடக்கும். எல்லாவற்றினும் கொடியது முந்தி விடுவித்தலே. பக்கம் வேறொருவருடைய செய்நிரலுக்கு வழங்கப்பட்டிருக்க, சாதனமோ ஏதுமறியாது அதன்மேல் எழுதிக்கொண்டிருக்கும். இம்மூன்றையும் சீ தொகுப்பான் முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொள்ளும்.

கவனம் போதும் என்போர், 2016 ஒக்ரோபரில் வெளிப்பட்ட ‘டேர்ட்டி கௌ’ வழுவை நினைவுகூர்க. வாசிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பின் பக்கத்திற் சாதாரண பயனர் ஒருவர் எழுதி, முழு ஆட்சியுரிமையையும் கைப்பற்ற அது வழிவிட்டது. 2007 இல் வெளிவந்த 2.6.22 ஆம் பதிப்பு முதல் லினக்ஸில் அது பதுங்கிக் கிடந்தது. அதற்கும் முன்னர், 2005 இலேயே, அதனைத் தாம் திருத்த முயன்று சரிவரச் செய்யாது விட்டதை லினஸ் ரோவால்ட்ஸ் ஒளிக்காது ஒப்புக்கொண்டார். அவருக்கே வாய்க்காத கவனம் எமது மூன்றாம் வருட மாணவருக்கு வாய்க்குமோ?

றஸ்ற் மொழி அவ்வழுவைத் தடுத்திருக்கும் என யாம் வாதிடவில்லை. அது நேரப்போட்டியில் விளைந்த தருக்கப் பிழை. எனினும், மேற்கூறிய மூன்றும் வேறு இனத்தன. பக்கத்தின் உடைமையைத் தரவு வகையோடு பிணைத்து, உடைமையாளரின் ஆயுள் முடியுமிடத்திற் குறித்தலும் விடுவித்தலும் தாமாகவே நிகழ அங்கு வழியுண்டு. 2020 இல் லினக்ஸ் 5.6 பக்கத்தை ஊன்றிப் பிடிப்பதற்கெனத் தனிச் செயற்கூறுகளைத் தந்தது, நன்று. ஆனால் அவற்றை எப்போது அழைப்பது என்பது ஆவணத்தில் எழுதிய விதியே. வாசியாதவரை அது கட்டாது. 2022 டிசம்பரில் 6.1 ஆம் பதிப்பு றஸ்ற் மொழிக்குக் கதவைத் திறந்தது.

இரு மொழிகளைப் பராமரிப்பது சுமை என்னும் முறைப்பாடு நியாயமானதே. காவலற்ற பகுதிகள் றஸ்ற் நிரலிலும் எஞ்சும். சாதனத்தோடு பேசுமிடத்து அவை தவிர்க்கவொண்ணாதவை. ஆயின் அவை பெயர் சூட்டப்பட்டு ஓரிடத்தில் நிற்கும், ஆராய்பவர் அங்கே கண் வைக்கலாம். சீ நிரலில் எந்த வரியைப் பார்ப்பது?

கவனத்தையே நம்புவோரிடம் ஒரு வேண்டுகோள். பத்துப் பக்கங்கள் கேட்டு ஆறு மட்டுமே கிடைக்கும் சந்தர்ப்பத்தில், அந்த ஆறையும் விடுவிக்கும் வழியைத் தங்கள் அடுத்த செய்முறை வகுப்பிற் கரும்பலகையில் எழுதிக் காட்டுக.