பாக்கிக்கும் ஒரு தீர்ப்பாயம் வேண்டும்

கல்யாணப் படங்கள் சரியாக வரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் நினைத்தால், ஐந்து ரிங்கிட் கட்டி மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகைப்படக்காரர்மீது கோரிக்கை தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்த அந்தத் தீர்ப்பாயம் முன்பு 25,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரித்தது. 2019இல் வரம்பு 50,000 ஆனது. அதே வாடிக்கையாளர் ஆல்பத்தை வாங்கி, உறவினருக்கெல்லாம் காட்டி, முகநூலிலும் ஏற்றிவிட்டு, மீதி மூவாயிரத்தைத் தராமல் இழுத்தடித்தால் புகைப்படக்காரர் அந்தத் தீர்ப்பாயத்தின் படியேற முடியாது. அது வாங்கியவருக்கான இடம். செய்து கொடுத்தவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

ஜொகூரில் ஃப்ரீலான்சாகத் தொழில் செய்யும் தமிழர்களுக்காக இயங்கும் இந்தச் சங்கத்தின் நிலைப்பாடு இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் தொடங்குகிறது. முடித்துக் கொடுத்த வேலைக்கு வராத பணம் ஒரு கடன். மனஸ்தாபம் என்றோ, ‘கொஞ்சம் அனுசரித்துப் போங்க’ என்று சொல்லி மூடிவிடும் குடும்ப விவகாரம் என்றோ அதைக் கருத இடமில்லை. கடனாகவே எழுதி வைத்து, கடனாகவே கேட்டு வாங்குங்கள் என்று சங்கம் தன் உறுப்பினர்களிடம் சொல்கிறது. அப்படி வாங்குவதற்கு மலிவான ஒரு வழியைத் திறந்துவிடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்கிறது.

ஸ்கூடாயிலும் மாசாயிலும் கூலாயிலும் இந்தத் தொழில்களில் இருப்பவர்களுக்குச் சாக்குகள் மனப்பாடம். “பாஸ் வெளியூர் போயிருக்காரு.” “அக்கவுண்ட்ஸ்ல மாட்டிக்கிச்சு.” “எங்க கிளையண்ட் எங்களுக்கே இன்னும் காசு போடல, போட்டதும் உங்களுக்கு வந்துடும்.” ஜொகூர்க்காரர்கள் பல வருடம் கேட்டுச் சலித்த இன்னொன்றும் உண்டு: வெள்ளிக்கிழமை ஆபீஸ் லீவு. 2014 முதல் 2024 வரை மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால் அந்தச் சாக்கு மட்டும் ஓய்வுபெற்றுவிட்டது.

மூன்றாவது சாக்கு கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ‘எனக்கு வந்தால்தான் உனக்கு’ என்ற இந்த வாதத்தைக் கட்டுமானத் துறையில் மலேசியச் சட்டம் எப்போதோ செல்லாததாக்கிவிட்டது. 2012ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழில் கட்டணத் தீர்ப்புச் சட்டம் 2014 ஏப்ரல் 15இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் நபரிடமிருந்து பணம் வந்த பிறகே தருவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அதன் 35ஆம் பிரிவின்படி அந்த வாசகம் வெற்றுத் தாள். பணம் வராத குத்தகையாளர் கோரிக்கை அனுப்பினால் எதிர்த்தரப்பு பத்து வேலை நாட்களில் பதில் சொல்லியாக வேண்டும். வாதங்கள் முடிந்தபின் தீர்ப்பாளருக்கு 45 வேலை நாட்கள். சிமெண்ட் பூசியவருக்கு இந்த வழி உண்டு. அதே கட்டடத்தின் விற்பனைச் சிற்றேட்டைத் தமிழில் எழுதி வடிவமைத்துக் கொடுத்தவருக்கு இல்லை. இதற்கு நியாயமான காரணம் எதுவும் சங்கத்துக்குத் தெரியவில்லை.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று யாரும் சோர்ந்துவிடவும் வேண்டாம். ‘அக்ரிமெண்ட் போடலையே, எப்படிக் கேட்பது?’ என்பதுதான் பலரையும் வாயடைக்க வைக்கும் கேள்வி. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தமும் பொதுவாக ஒப்பந்தம்தான். விலையே பேசாமல் ஆரம்பித்த வேலைக்கும் அதே சட்டத்தின் 71ஆம் பிரிவு கைகொடுக்கும். சட்டத்துக்கு உட்பட்ட ஒரு செயலை, இன்னொருவருக்காக, இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்து, அதன் பலனை மற்றவர் அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு தர வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளையும் பிரித்துச் சொன்னது 1967இல் சியோ வோங் ஃபாட் எதிர் சுசுர் ரோத்தான் மைனிங் வழக்கில் பிரிவி கவுன்சில். பேனரை வடிவமைக்கச் சொல்லி, அச்சடித்து, மேடையில் மாட்டியும் விட்டு, ‘நாங்கள் விலை பேசவே இல்லையே’ என்பவருக்கு இதுதான் பதில்.

ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஆறு வருடம் தருகிறது. கணினியில் உருவான ஆவணங்களை 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 90ஏ பிரிவின் கீழ் ஏற்கிறது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருப்பவர் கையில் பாதி வழக்கு இருக்கிறது. ‘சரி, செய்ங்க’ என்ற ஒரு வரி, ‘ரொம்ப நல்லா வந்திருக்கு’ என்ற இன்னொரு வரி, இரண்டுக்கும் தேதி. பல வழக்குகளுக்கு அது போதும்.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பணம் வரும்வரை பதிப்புரிமை என்னுடையது என்று பலர் நம்புகிறார்கள். மலேசியாவில் நிலைமை தலைகீழ். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுச் செய்து கொடுத்த படைப்பின் பதிப்புரிமை, வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, கேட்டவருக்கே போய்ச் சேரும். ‘முழுத் தொகை கைக்கு வந்த பிறகே உரிமை மாறும்’ என்று விலைப்பட்டியலிலேயே ஒரு வரி சேர்த்து, அதற்கு வாடிக்கையாளரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். லோகோ வரைபவர், பாடல் எழுதுபவர், குறும்படம் எடுப்பவர் யாராக இருந்தாலும் இந்த ஒரு வரியைச் சங்கம் கட்டாயம் என்று சொல்கிறது. முன்பணமும் அப்படியே: பாதித் தொகை வராமல் வேலையைத் தொடங்க வேண்டாம். அண்ணன் முறை, மாமன் முறை எல்லாம் விருந்துக்கு.

பணம் வரவில்லையென்றால் முதலில் தேதி போட்ட கடிதம்: என்ன வேலை, எப்போது ஒப்படைக்கப்பட்டது, எவ்வளவு பாக்கி, எந்த நாளுக்குள். கோபம் வேண்டாம், அந்தக் கடிதத்தை நாளை ஒரு மாஜிஸ்திரேட் படிக்கக்கூடும். அடுத்து, கடனாளி யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடைப் பலகையில் இருக்கும் பெயர் வேறு, பதிவில் இருக்கும் பெயர் வேறாக இருக்கலாம். ‘என்டர்பிரைஸ்’ என்றால் பின்னால் இருக்கும் மனிதர்மீதே வழக்கு. சென்டிரியான் பெர்ஹாட் என்றால் நிறுவனத்தின்மீது. மலேசிய நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணத்தில் தேடிப் பார்க்கலாம். தவறான பெயரில் வழக்குப் போட்டு வென்றாலும் கையில் வருவது காகிதம்தான்.

போலீஸ் புகாரில் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது குற்றம். வெறுமனே பணம் தராதது சிவில் விவகாரம்.

ஆகவே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறைதான் மிச்சம். 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளின் 93ஆம் ஆணை இதை வகுத்தது. 198ஆம் எண் படிவத்தை வாங்கி நிரப்பித் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் ஆஜராக முடியாது என்பதால் பெரிய நிறுவனமும் சட்ட மேதையைக் கூட்டிவந்து மிரட்ட வழியில்லை. ஆனால் அந்த விதி வகுத்த வரம்பு 5,000 ரிங்கிட். கோருபவர் தனிமனிதராக இருக்க வேண்டும்; தொழிலை முறைப்படுத்த நினைத்துச் சென்டிரியான் பெர்ஹாட் தொடங்கியவர் அதனாலேயே வெளியே நிற்கிறார். ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனை போல.

5,000க்கு மேலே போனால் வழக்கமான சிவில் வழக்கு, வழக்கறிஞர் கட்டணம், ஒத்திவைப்புகள். 8,000 ரிங்கிட் பாக்கிக்காக அதில் இறங்க எவரும் இரண்டு முறை யோசிப்பார்கள். நிறுவனத்தைக் கலைக்கக் கோரும் நோட்டீஸ் என்ற மிரட்டலும் இவர்களுக்கு எட்டாது: 2021 ஏப்ரல் முதல் அதற்கான கடன் வரம்பு 50,000 ரிங்கிட். திவால் நடவடிக்கைக்கு 1,00,000. ஆக, 5,000க்கும் 50,000க்கும் நடுவில் இருக்கும் வேலைகள், அதாவது ஓர் ஆவணப்படம், ஒரு இணையதளம், ஒரு நூலின் முழு மொழிபெயர்ப்பு, எல்லாம் ஆளில்லாத நிலத்தில் கிடக்கின்றன. பணம் தராமல் தப்பிப்பவர்களுக்கு அந்த நிலம் நன்றாகவே பழக்கம்.

தீர்ப்பு கிடைத்தாலும் கதை முடிவதில்லை. ‘பாஸ்கர் ஒரு ராஸ்கல்’ 2018இல் வெளிவந்த படம். சம்பள பாக்கிக்காக நடிகர் அரவிந்த் சுவாமி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019இல் பணத்தை வட்டியுடன் தர வேண்டும் என்று தயாரிப்பாளருக்கு உத்தரவு வந்தது. 2024இலும் அந்த உத்தரவை நிறைவேற்ற வைக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தயாரிப்பாளரைக் கைது செய்யவே நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஊரறிந்த நடிகருக்கே இந்த அலைச்சல். ஆகவே கடனாளிக்குச் சொத்து எங்கே இருக்கிறது, எந்த வங்கியிலிருந்து முன்பணம் வந்தது என்பதை வேலை நடக்கும்போதே குறித்து வைப்பது நல்லது. பறிமுதல் ஆணைக்கும் விசாரணை அழைப்புக்கும் அது உதவும்.

அரசாங்கம் சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது. கிக் தொழிலாளர் சட்ட மசோதா 2025 ஆகஸ்ட் 28இல் மக்களவையிலும் அடுத்த மாதம் மேலவையிலும் நிறைவேறியது. பேச்செல்லாம் கிராப், ஃபுட்பாண்டா ஓட்டுநர்களைப் பற்றியே இருந்தாலும் நடிப்பு, படப்பிடிப்பு, ஒப்பனை, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளும் அதன் அட்டவணையில் இடம்பெற்றன. தனித் தீர்ப்பாயமும் உண்டு. சங்கம் இதை வரவேற்கிறது. ஆனால் அட்டவணை முறை என்பது பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மட்டும் குடை பிடிப்பது. பட்டியலில் இல்லாத தொழில் செய்பவரும் அதே மழையில்தான் நிற்கிறார். வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கும் தனிமனிதரிடமிருந்து வராத பாக்கிக்கும் அந்தத் தீர்ப்பாயம் திறக்குமா என்பதை மனிதவள அமைச்சு எளிய மொழியில், தமிழிலும், விளக்க வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் சேவை ஒப்பந்தங்களையும் எடுத்துக்கொள்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. ஜொகூர் பாருவில் உட்கார்ந்து சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது காலக்கெடு. இங்கே ஆறு வருடம் இருக்கிறதே என்று அசட்டையாக இருந்தால் அங்கே இரண்டு வருடத்தில் அந்தக் கதவு அடைபட்டுவிடும். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் எல்லையைச் சுலபமாக்கும் இரு அரசுகளும் சில ஆயிரம் வெள்ளி பாக்கிக்கும் எல்லை தாண்டிய ஒரு சமரச மேசையைப் போட்டால் என்ன?

சங்கம் அரசாங்கத்திடம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. சிறு கோரிக்கை வரம்பை 5,000இலிருந்து பயனீட்டாளர் தீர்ப்பாயத்தின் 50,000க்கு உயர்த்த வேண்டும். ஒருவர் மட்டுமே நடத்தும் நிறுவனமும் கோர அனுமதிக்க வேண்டும். எல்லாத் தொழிலுக்குமான கட்டணக் காலக்கெடுச் சட்டம் வேண்டும். ஜப்பானில் 2024 நவம்பர் 1 முதல் ஃப்ரீலான்சர்களுக்கு 60 நாட்களுக்குள் பணம் தருவது சட்டக் கடமை. நியூயார்க் நகரத்தில் 2017 முதல் 800 டாலரும் அதற்கு மேலும் பெறும் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். வேறு தேதி குறிக்காவிட்டால் 30 நாட்களில் பணம். நான்காவதாக, ‘எனக்கு வந்தால்தான் உனக்கு’ என்ற வாசகத்தைக் கட்டுமானத்தில் தடுத்ததுபோல எல்லாத் தொழிலிலும் தடுக்க வேண்டும்.

பணம் தராதவர்களின் பெயர்ப் பட்டியலைச் சங்கமே வெளியிட வேண்டும் என்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அழுத்தமாகக் கேட்கிறார்கள். சங்கம் அதைச் செய்யாது. 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் ஒரு காரணம். 3,000 ரிங்கிட் கேட்கப் போய் மானநஷ்ட வழக்கில் அதைவிடப் பெரிய தொகை கட்டும் நிலை வரலாம். அதைவிட முக்கியம், எல்லாப் புகாரிலும் நியாயம் ஒரு பக்கமே இருப்பதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு முகூர்த்தத்தன்று வராமல் போன ஒளிப்பதிவாளர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்காகச் சங்கம் ஒரு கடிதம்கூட எழுதாது.

கடைசியாக நம் சொந்த வீட்டு விஷயம். மிகத் தாமதமாகப் பணம் தருபவர்கள் பெரிய நிறுவனங்கள் மட்டும் என்று நினைத்தால் தவறு. கோயில் விழாக் குழு, பழைய மாணவர் சங்கம், கலை இரவு நடத்தும் இயக்கம் ஆகியவையும் அந்த வரிசையில் உண்டு. ‘நம்ம சமூகத்துக்காகச் செய்ங்க’ என்று ஆரம்பித்து ‘கணக்கு இன்னும் முடியல’ என்று முடிகிறது. இலவசமாக வேண்டுமென்றால் இலவசம் என்று முதலிலேயே சொல்லிக் கேட்கலாம், மனமிருப்பவர் செய்வார். விலை பேசிவிட்டால் அது விலைதான். இந்தச் சங்கம் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு வேலை செய்யும் ஒலியமைப்பாளர், ஒப்பனைக் கலைஞர், அறிவிப்பாளர் அனைவருக்கும் பாதித் தொகை முன்கூட்டியும், மீதி நிகழ்ச்சி முடிந்த 14 நாட்களுக்குள்ளும் தரப்படும். தராவிட்டால் சங்கத்தின்மீதே 198ஆம் எண் படிவத்தைத் தாக்கல் செய்யலாம். படிவத்தை நிரப்பச் சங்கச் செயலாளரே உதவுவார்.